ஆல்பா 0.7 வந்துவிட்டது, அப்புறம் என்ன?

வினாநிரல் போன்ற அளவீட்டுக் கருவிகளின் நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் அதே விடை வருமா), ஏற்புடைமை (அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறதா) பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் க்ரான்பாக் ஆல்பா பற்றித்தான்; வினாநிரலின் நம்பகத்தன்மைக்குப் போடும் எண் அது, பொதுவாக 0 முதல் 1 வரை வரும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எம்.எட். மாணவி: மேடம், கணிதப் பயம் பற்றி 30 கூற்றுகள் உள்ள வினாநிரல் தயாரித்தேன். ஆல்பா 0.88. கைடு "பிரமாதம்" என்கிறார். அப்படியானால் என் கருவி ஏற்புடையதுதானே?

இல்லைம்மா. உங்கள் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்பா சொல்லும். எதைப் பற்றி ஒத்துப்போகின்றன என்று அதற்குத் தெரியாது. 30 கூற்றில் 20 கணக்கு ஆசிரியரைச் சுற்றியே இருந்தால் நீங்கள் அளந்தது வாத்தியார் பயம். அப்போதும் 0.88 வரலாம்.

எண்ணிக்கையையும் பாருங்கள். கூற்றுகளுக்கு இடையே சராசரி ஒட்டுறவு (இரண்டு எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு; முழுக்க ஒத்தால் 1) வெறும் 0.2 என்று வைத்துக்கொள்வோம். 10 கூற்று போட்டால் ஆல்பா 0.71. அதே மாதிரி 30 போட்டால் 0.88. மொத்த மதிப்பெண் சற்று நிலைப்படும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு கூற்றும் முன்பு போலவே சுமார்தான். "எனக்குக் கணக்கு என்றால் பயம்", "கணக்கு என்னைப் பயமுறுத்துகிறது" என்று அரைத்த மாவையே அரைத்தால் ஆல்பா இன்னும் ஏறும்.

ஏற்புடைமைக்கு வேறு வேலை இருக்கிறது. ஐந்தாறு மாணவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கூற்றையும் வாசிக்கச் சொல்லி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். பிறகு பொதுவான தேர்வுப் பயத்தை அளக்கும் வினாநிரல் ஒன்றையும் அதே மாணவர்களிடம் கொடுங்கள். இரண்டும் ஓரளவு சேர்ந்து போக வேண்டும். அப்படியே ஒன்றாகிவிட்டால், நீங்கள் புதிதாக எதையும் அளக்கவில்லை.

முனைவர் பட்ட ஆய்வாளர்: ஆல்பா 0.7 இருந்தால் போதும் என்ற எல்லையை வைத்தது க்ரான்பாக்தானே?

அவர் அல்ல. அவருடைய கட்டுரை 1951. 0.7-க்கு எல்லோரும் மேற்கோள் காட்டுவது உளவியல் அளவீட்டு அறிஞர் நனலியின் 1978 புத்தகத்தை. அதில் அவர் சொன்னது வேறு: ஆய்வின் தொடக்க நிலைக்கு 0.7 போதும், அடிப்படை ஆய்வுக்கு 0.8, ஒரு தனிமனிதரைப் பற்றி அந்த மதிப்பெண்ணை வைத்து முடிவெடுப்பதானால் குறைந்தது 0.9, முடிந்தால் 0.95. நமக்கு வசதியான முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டோம்.

செவிலியர்: வினாநிரலில் இந்தத் தகராறெல்லாம் சரி. இயந்திரம் அளந்தால் பிரச்சினை இல்லையே, அக்கா?

உங்கள் வார்டிலேயே இருக்கிறது, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஒரே விரலில் மூன்று முறை மாட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வரும். நம்பகத்தன்மைக்குக் குறையில்லை. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஒப்பீடு வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில் தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தால், உண்மை அளவு 88-க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் எடுத்தவற்றில் 3.6 சதவீதம். கருவி ஒளியை வைத்து அளக்கிறது. தோலின் நிறமியும் அந்த ஒளியை உறிஞ்சும். எத்தனை முறை மாட்டிப் பார்த்தாலும் இந்தப் பிழை வெளியே தெரியாது, ஏனென்றால் அது ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. வேறொரு முறையில் அளந்து பார்த்ததால்தான் பிடிபட்டது. 2021-இல் நம் வீடுகளில் 94-ஆ 92-ஆ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்கும்.

கல்லூரி ஆசிரியர்: வகுப்பறை வீடியோக்கள் 100-ஐ இரண்டு பேர் பார்த்து, மாணவர் கேள்வி கேட்டாரா இல்லையா என்று குறித்தோம். 90 வீடியோக்களில் இருவர் முடிவும் ஒன்று. இது போதாதா?

எத்தனை "ஆம்" என்று தனியே எழுதியிருக்கிறீர்கள்: ஆளுக்கு 10. இருவரும் வீடியோவைப் பார்க்காமலே, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்குப் பத்து "ஆம்" போட்டிருந்தாலும் சராசரியாக 82 ஒத்துப்போயிருக்கும், சார். மிச்சம் இருந்த 18-இல் நீங்கள் எட்டியது 8. 18-இல் 8 என்ற அந்த விகிதம்தான், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழிப்பதற்காக உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் கொடுத்த கப்பா: 0.44. "கேள்வி" என்றால் எது என்று இருவரும் முதலில் பேசி முடிவு செய்யுங்கள். "சார், பாத்ரூம் போகலாமா?" என்பது கணக்கில் வருமா?

சமூகப்பணி ஆய்வாளர்: டயாலிசிஸ் நோயாளிகளிடம் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.கியூ-9 வினாநிரலைத் தமிழில் கொடுக்கிறேன். உலகம் முழுக்கப் பயன்படுத்துவதுதானே, தனியாக எதையும் சோதிக்க வேண்டுமா?

வேண்டும். அதில் மொத்தம் 9 கேள்விகள். சோர்வு, தூக்கம், பசி மூன்றும் அதில் உண்டு. டயாலிசிஸ் முடிந்து வருபவருக்கு மனச்சோர்வே இல்லாவிட்டாலும் இந்த மூன்றிலும் தொந்தரவு இருக்கலாம். தலா அதிகபட்சமான 3 மதிப்பெண் போட்டால் அங்கேயே 9. மனச்சோர்வு இருக்கலாம் என்று கருதும் எல்லை 10. கருவி நல்ல கருவிதான், நீங்கள் கொண்டுபோன இடம் வேறு. மொத்தத்தை மட்டும் பார்க்காமல், மனநிலை பற்றிய கேள்விகளுக்கான பதிலைத் தனியே பாருங்கள். சிலரையாவது மனநல மருத்துவர் நேரில் பேசிப் பார்க்கட்டும். மொழிபெயர்ப்பை, மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லுங்கள். எங்கே பிசகியது என்று தெரிந்துவிடும்.

எம்.பில். முடித்தவர்: முன்னோட்ட ஆய்வில் வந்த ஆல்பாவையே முதன்மை ஆய்வுக்கும் போடலாமா?

கூடாது. அந்த எண் கருவியுடையது அல்ல, அன்று பதில் சொன்னவர்களுடையது. புதுத் தரவில் மறுபடி கணக்கிடுங்கள்.

முதுகலை மாணவர்: ஆல்பா மைனஸ் 0.3 வருகிறது அக்கா. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருள் பழுதா?

எஸ்பிஎஸ்எஸ் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. எதிர்மறைக் கூற்றுகளின் (மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் கேட்பவை) மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டீர்களா? 5 என்பது 1 ஆக வேண்டும், 4 என்பது 2.

அதே மாணவர்: திருப்பிவிட்டேன் அக்கா. 0.74! இனி ஏற்புடைமைப் பகுதியை எழுதிவிடலாமா?

முதல் கேள்விக்கான பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.