வாசகர் கேள்வி: உத்தரவு வந்தபிறகு கிளம்பினால் போதாதா?

கேள்வி: என் மகள் குடும்பத்தோடு கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கிறாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே காடு. “காட்டுத்தீ வந்தால் போலீஸ் சொல்லும், அப்போது கிளம்பிக்கொள்வோம்” என்கிறாள். அது போதுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: போதாதும்மா. 2016-இல் நான் அதே மாகாணத்தில் ஃபோர்ட் மெக்மர்ரேயில் வேலையில் இருந்தேன். மே 3 காலை, ஊருக்குப் பக்கத்துக் காட்டில் தீ எரிந்துகொண்டிருந்தும் வானம் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்த்து அசந்துவிட வேண்டாம் என்று தீயணைப்புத் தலைவர் எச்சரித்தும், பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போனோம். பிற்பகலில் ஒவ்வொரு பகுதியாகக் காலி செய்யச் சொன்னார்கள். மாலைக்குள் ஊர் முழுக்க, ஏறக்குறைய 88,000 பேர். தெற்கே போக இருந்தது 63-ஆம் நெடுஞ்சாலை ஒன்றுதான். பீக்கன் ஹில் பகுதிக்காரர்களுக்கு அந்தச் சாலையைத் தொடவே ஒரே வழி; அதன் ஓரத்து மரங்கள் எரிய எரிய வண்டிகள் ஊர்ந்தன.

ஆயிரக்கணக்கானோர் வடக்கே, மணலிலிருந்து எண்ணெய் எடுக்கும் நிறுவனங்களின் தொழிலாளர் முகாம்களுக்குப் போக வேண்டியதாயிற்று. தெற்கே வந்தவர்களுக்குப் பெட்ரோல்தான் பெரும்பாடு. டேங்க் காலியாகி நின்ற வண்டிகள் வழியெங்கும். முன்பின் தெரியாதவர்கள் கேனில் பெட்ரோல் கொண்டுவந்து ஊற்றினார்கள், அவர்களை நான் மறக்க மாட்டேன். கோடையில் வண்டியில் எப்போதும் பாதி டேங்க்காவது இருக்கட்டும் என்று மகளிடம் சொல்லுங்கள்.

முதலில் ‘தயாராக இருங்கள்’ என்ற எச்சரிக்கை, பிறகு ‘கிளம்புங்கள்’ என்ற உத்தரவு என்பதுதான் அங்கே முறை. ஆனால் இடையில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பது தீயின் கையில். 2024 ஜூலையில் அதே மாகாணத்துச் சுற்றுலா ஊரான ஜாஸ்பரில் இரவில் உத்தரவு வந்தது. விடிவதற்குள் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். சுற்றுலா வந்தவர்களையும் சேர்த்து சுமார் 25,000 பேர். இரண்டே நாளில் தீ ஊருக்குள் புகுந்துவிட்டது. சிறு குழந்தையோ முதியவர்களோ இருக்கும் வீடு எச்சரிக்கை வந்ததுமே கிளம்பிவிட வேண்டும்.

ஒரு பையில் பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள்கள், மருந்துகள், சார்ஜர். அப்புறம், ஒவ்வொரு அறையாக அலமாரிகளைத் திறந்து போனில் வீடியோ எடுத்துவைக்கட்டும். இழப்பீடு கேட்கும்போது என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து எழுதுவது பெரிய வேதனை. ‘ஆல்பர்ட்டா எமர்ஜென்சி அலர்ட்’ செயலியும் போனில் இருக்கட்டும்.

உங்களுக்கும் ஒன்று. அவள் கிளம்பினால் எந்த ஊரில் யார் வீட்டுக்குப் போவாள் என்று இப்போதே கேட்டு, அந்த வீட்டு எண்ணையும் வாங்கிவையுங்கள். அன்றைக்கு லைன் கிடைப்பதே கஷ்டம், அவளும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாள். திரும்பத் திரும்ப அழைக்காமல் ஒரு மெசேஜ் மட்டும் அனுப்புங்கள்.