செயின் விட்டுச் செயின்: கேள்வி பதில்

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர்: அண்ணா, என் பிட்கொயினை எதீரியத்துக்கு அனுப்பலாமா?

முடியாது தம்பி. பிட்கொயின், எதீரியம் ஒவ்வொன்றும் ஒரு செயின், அதாவது பலருடைய கணினிகளில் இருக்கும் தனிப் பேரேடு. பிட்கொயின் தன் பேரேட்டை விட்டு எங்கும் போகாது. ஒரு செயினில் நடப்பது மற்றதற்குத் தெரியாது. அதனால் நடுவில் ஒருவர் உங்கள் பிட்கொயினைப் பூட்டி வைத்துக்கொண்டு, எதீரியத்தில் அதே அளவுக்கு ஒரு டோக்கன், அதாவது பதில் நாணயம், தருவார். இப்படி இரு செயின்களை இணைக்கும் சேவைக்குப் பெயர் பிரிட்ஜ். 2019இல் வந்த டபிள்யூபிடிசி (WBTC) என்ற டோக்கன் இந்த வகைதான். செட்டியார் தெருவில் நகையை அடைவு வைத்து வாங்கும் துண்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால் அதை அழித்துவிட்டு, பூட்டியதைத் திறந்து தருவார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: பூட்டி வைத்ததே களவு போனால்?

கையில் இருக்கும் டோக்கனுக்கு மதிப்பு இல்லை. 2022 மார்ச்சில் ரோனின் என்ற செயினின் பிரிட்ஜில் நடந்தது அதுதான். சாவி என்றால் பூட்டியதைத் திறக்கும் ரகசியக் குறியீடு. அங்கே மொத்தம் 9 சாவிகள், பணம் எடுக்க 5 போதும். ஐந்தும் திருடர் கைக்குப் போயின; 60 கோடி டொலருக்கு மேல் போய்விட்டது. அதைக் கண்டுபிடிக்கவே ஆறு நாள்! அதற்கு முந்தைய மாதம் வோர்ம்ஹோல் என்ற இன்னொரு பிரிட்ஜிலும் களவு நடந்தது, ஆனால் அங்கே சாவி எதுவும் களவு போகவில்லை. கையொப்பத்தைச் சரிபார்க்கும் நிரலில் ஓட்டை. எதையும் பூட்டாமலே, எதீரியத்தின் நாணயமான ஈதருக்குரிய 1,20,000 டோக்கன் உருவாக்கிவிட்டார்கள். பலர் கட்டணம் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். சாவி யாரிடம், எத்தனை பேரிடம் என்று முதலில் கேளுங்கள்.

பம்பலப்பிட்டி அக்கா: நடுவில் ஆளே இல்லாமல் மாற்ற வழி இல்லையா?

இருக்கிறது அக்கா, அட்டாமிக் ஸ்வொப். நான் ஒரு ரகசிய எண் வைத்திருக்கிறேன். அதன் ஹேஷை (அந்த எண்ணிலிருந்து கணக்கிட்ட, ஆனால் எண்ணைக் காட்டிக்கொடுக்காத குறியீடு) வைத்து இருவரும் அவரவர் செயினில் காசைப் பூட்டுகிறோம். உங்கள் காசை நான் எடுக்க அந்த எண்ணைக் காட்டியே ஆக வேண்டும். அதே எண்ணால் நீங்கள் என்னுடையதை எடுத்துவிடலாம். நான் எடுக்காவிட்டால், கெடு முடிந்ததும் அவரவர் காசு அவரவருக்கு. களவுக்கு இடம் குறைவு. ஆனால் எதிரே மாற்ற ஒருவர் வேண்டும், நேரமும் எடுக்கும். அதனால்தான் அதிகம் பேர் பிரிட்ஜுக்கே போகிறார்கள்.

இன்னொருவர்: பிட்கொயின் போன்றவற்றைக் கடனட்டையில் வாங்கலாமா?

இலங்கையில் அனுமதி இல்லை. டெபிட் கார்டுக்கும் அதேதான். மத்திய வங்கி அறிவித்திருக்கிறது.

தெஹிவளையிலிருந்து: காசை வேறு நெட்வேர்க்கில், அதாவது வேறு செயினில், தவறுதலாக அனுப்பிவிட்டேன். போனது போனதுதானா?

எதீரியத்துக்குப் பதில் பிஎன்பி செயினில் போயிருந்தால், முகவரி இரண்டிலும் ஒன்றே. வொலட் (சாவியை வைத்திருக்கும் செயலி) உங்களுடையது என்றால் நெட்வேர்க்கை மாற்றிப் பாருங்கள், காசு அங்கேயே இருக்கும். காசு வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சின் முகவரி என்றால் சாவி அவர்களிடம். பரிவர்த்தனை எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். அப்புறம், டெலிகிராமில் "மீட்டுத் தருகிறேன், வொலட்டின் 12 சொற்களை அனுப்புங்கள்" என்று ஒருவர் வருவார். பதில் போடாதீர்கள்; அந்தச் சொற்கள்தான் உங்கள் வொலட்டின் சாவி.