குப்பைமேட்டுக் கசிவு ஊற்றுக்கு வந்துவிட்டதா, எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊருக்கு மேலே பழைய குப்பைமேடு இருக்கிறது. கீழே உள்ள ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். கொஞ்ச நாளாக வாடை வருகிறது. போர்வெல்லுக்கு நீரோட்டம் பார்க்கும் கருவியால் கசிவு போகும் வழியைக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கருவியைக் கூப்பிடும் முன் ஒரு வேலை இருக்கிறது. கைக்கு அடக்கமான மின்கடத்துத்திறன் மீட்டர் (தண்ணீரில் உப்பு கூடினால் அளவு ஏறிக் காட்டும் கருவி) ஒன்றை வாங்கி, மேட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு ஊற்றிலும் ஓடையிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேட்டின் கசிவு எட்டாத ஊற்று ஒன்றையும் ஒப்பிட அளந்து வையுங்கள். எங்கே அளவு திடீரென ஏறுகிறதோ, அதற்கு மேலே உள்ள சரிவில்தான் ஆய்வு தேவை.

அப்புறம் ரெசிஸ்டிவிட்டி சர்வே, அதாவது நீங்கள் சொன்ன கருவியால் நிலத்தின் மின்தடையை அளப்பது. நிலத்தில் ஒரே கோட்டில் கம்பிகளை அடித்து, இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். குப்பைச் சாற்றில் குளோரைடும் மற்ற உப்புகளும் நிறையக் கரைந்திருப்பதால் மின்சாரம் சுலபமாகப் பாயும். நம் மலையின் அடியில் உள்ள சார்னோகைட் பாறை உடையாமல் இருந்தால் ஆயிரக்கணக்கில் ஓம்-மீட்டர் (மண், பாறையின் மின்தடையைச் சொல்லும் அலகு) காட்டும். சாறு ஊறிய மண் பத்துக்கும் கீழே இறங்கலாம்.

சிக்கல் களிமண்ணில் இருக்கிறது. நம் மலையில் பாறைக்கு மேல் மக்கிய மண் பல மீட்டர் தடிமனாகக் கிடக்கிறது. ஈரக் களியும் மின்தடையைக் குறைக்கும். அறிக்கைப் படத்தில் மின்தடை குறைந்த இடமென்று நீலமாகத் தெரிவதெல்லாம் கசிவு ஆகிவிடாது. அதனால் கசிவு எட்டாத பக்கத்துச் சரிவில், அதே மாதிரி மண்ணில், இன்னொரு கோடும் அளக்கச் சொல்லுங்கள். அது இல்லாத அறிக்கைக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கோடு சரிவுக்குக் குறுக்கே ஓட வேண்டும். 48 கம்பிகளை 5 மீட்டர் இடைவெளியில் அடித்தால் கோடு 235 மீட்டர் நீளும்; ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை தெரியும். சமமட்டமாக நட்ட தேயிலை வரிசைகளுக்கு நடுவே கேபிள் இழுப்பது வசதி. கம்பிவேலியையும் இரும்புக் குழாயையும் ஒட்டிப் போனால் அளவு கெடும். மண் காய்ந்திருந்தால் கம்பியடியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள், பயப்பட வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் அதே இடங்களில் அளந்தால், கசிவு நகர்கிறதா என்பதும் புரியும்.

கருவி இடத்தைக் காட்டும், அவ்வளவுதான். கிருமியோ துளியளவு ஈயமோ அதற்குத் தெரியாது. கோடு காட்டிய இடத்திலிருந்தும் உங்கள் ஊற்றிலிருந்தும் தண்ணீர் எடுத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-இல் லிட்டருக்கு நைட்ரேட் 45, குளோரைடு 250, அம்மோனியா 0.5 மில்லிகிராம் என்பது ஏற்கத்தக்க அளவு. நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தால் முதலில் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்களின் உரத்தைச் சந்தேகியுங்கள். அம்மோனியாவும் குளோரைடும் சேர்ந்து ஏறியிருந்தால் குப்பைமேட்டைச் சந்தேகியுங்கள். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

முடிவு வரும்வரை வாடை வரும் ஊற்றைக் குடிக்கப் பயன்படுத்தாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உப்பும் உலோகமும் அப்படியே இருக்கும், தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.