‘அமைதியான’ டிராயிங் மாஸ்டர்

கேள்வி: மகள் வீட்டுக்கு சிட்னி போயிருந்தபோது அங்குள்ள ஓவியக்கூடத்தில் அந்தோனியோ டாட்டிலோ ரூபோ என்ற பெயரைப் பார்த்தேன். இத்தாலியிலிருந்து பிழைக்க வந்து, கடைசிவரை டிராயிங் மாஸ்டராகவே அமைதியாகக் காலம் தள்ளியவர் என்றார் மாப்பிள்ளை. இவர் பெரிய ஓவியர்தானா? நம் பத்திரிகையில் இவரைப் பற்றி எழுதலாமே?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: மாப்பிள்ளை சொன்னதில் பாக்கி எல்லாம் சரிதான். ‘அமைதியாக’ என்றாரே, அங்கேதான் உதைக்கிறது. 1916-இல் சிட்னியில், கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்யும் குழுவில் இருந்த ஒருவரை ‘ஒண்டிக்கு ஒண்டி வா’ என்று கூப்பிட்டவர் இந்த ரூபோ. வாய்ச்சண்டைக்கு இல்லை ஐயா, அசல் டூயலுக்கு!

நடந்தது இதுதான். ரூபோவிடம் மாலை வகுப்பில் படித்தவர் ரோலண்ட் வேக்கலின். பகலில் நில வரி ஆபீஸில் வேலை. சிட்னி துறைமுகத்தின் வடகரையில் பெரிஸ் பே என்று ஒரு சின்னக் குடா இருக்கிறது. அதை நோக்கி இறங்கும் மேட்டுச் சரிவை வரைந்து ராயல் ஆர்ட் சொசைட்டி கண்காட்சிக்குக் கொடுத்தார். புல் என்றால் பச்சை, மண் என்றால் பழுப்பு என்று போகாமல் நிறத்தைத் துண்டு துண்டாக வைத்த படம். குழு மாட்ட மாட்டேன் என்றது. வாத்தியாருக்கு வந்ததே கோபம்! இத்தனைக்கும் அந்தச் சங்கத்தின் பள்ளியில்தான் 1907 முதல் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ரத்தம் சிந்தியதாகத் தகவல் இல்லை. படம் இன்று நியூ சவுத் வேல்ஸ் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. நீங்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள்.

தேர்வுக் குழு என்றாலே எனக்கு ஆகாது என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ரூபோ செய்ததை நம் இலக்கியப் பரிசுகளுக்கும் விதியாக்கிவிட்டால் என்ன? பரிசு கிடைக்காத கவிஞரின் சார்பில் அவருடைய தமிழ் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் நிற்பார். நடுவர்கள் ஒவ்வொருவராக வரவேண்டும். முதல் நடுவர், ‘சத்தியமாக நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கவே இல்லை, என்னை ஏன் இழுக்கிறீர்கள்’ என்பார். இரண்டாமவர், பயணப்படி செகண்ட் ஏசியா தேர்டு ஏசியா என்று தெரிந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்பார். மூன்றாமவர், முடிவு ஏகமனதானது, ஆகவே என் பங்குக்கு மூன்றில் ஒரு குத்துதான் வரும் என்று கணக்குச் சொல்வார். நம் பழைய சிநேகிதர், அந்த விமர்சகர் நடுவராக வந்தால் மட்டும் ஜாக்கிரதை. (பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் அவருக்கு இன்னொரு கட்டுரை கிடைத்துவிடும்.) அவருக்கு ஆயுதமே வேண்டாம். பையிலிருந்து தம் தலைமையுரையை எடுத்தால் போதும், எதிராளி மூன்றாம் பக்கத்திலேயே சரண்.

சரி, ரூபோவுக்கு வருவோம். 1870-இல் நேபிள்ஸில் பிறந்து, அங்கேயே கலைக் கல்லூரியில் படித்து, 1897-இல் சிட்னிக்கு வந்தார். மறு வருஷமே சொந்தமாக ஓவியப் பள்ளி. அதை 1941 வரை நடத்தினார். கூடவே பெரிய பள்ளிக்கூடங்கள் சிலவற்றிலும் வகுப்பு. எனக்கு ஆச்சரியம் டூயல் இல்லை. அவர் எந்தப் படத்துக்காகச் சண்டைக்குப் போனாரோ, அந்த மாதிரிப் படங்களுக்குப் பேர்போனவர் இல்லை அவர். அவர் கை நேபிள்ஸில் பழகிய கை. கிழவர்கள், ஏழைகள், வேலையிழந்தவர்கள்தான் அவருடைய ஆட்கள். வறுமை யார் யாரையோ ஒன்றாகப் படுக்க வைக்கும் என்று பொருள்படத் தலைப்பிட்ட 1905 படம், வேலைநிறுத்தம் முடிந்த பிறகு என்னவாயிற்று என்று காட்டும் 1913 படம், இரண்டும் அதே ஓவியக்கூடத்தில் உண்டு. தன்னைப் போல வரையாத பையனை பெஞ்சு மேல் ஏற்றும் வாத்தியார்களிடம் படித்தவன் நான். இவரோ அந்தப் பையனுக்காக ஊரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்.

புது பாணி அவர் வகுப்புக்குள் எப்படி நுழைந்தது தெரியுமா? 1913-இல் நோரா சிம்ப்சன் என்ற மாணவி லண்டனிலிருந்து திரும்பினார். கையில் செசான், வான்கோ, கோகன் என்ற ஐரோப்பியப் புதுப் பாணி ஓவியர்களின் படங்கள், அச்சுப் பிரதிகளாக. வகுப்பில் கைமாறி கைமாறிப் பார்த்தார்கள். ஆஸ்திரேலிய நவீன ஓவியத்தின் ஆரம்பக் கதையில் முக்கியமான இடம் இந்த அச்சுத் தாள்களுக்கு உண்டு. நம் வண்ணப் பக்கங்கள் பஜ்ஜி மடிக்கத்தான் லாயக்கு என்று கார்டு போட்ட அன்பர் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும்.

அந்தத் தாள்களைப் பார்த்தவர்களில் ஒருவர் கிரேஸ் காசிங்டன் ஸ்மித். 1915-இல் அவர் வரைந்த காலுறை பின்னும் பெண் படத்தை ஆஸ்திரேலியாவில் காட்சிக்கு வந்த முதல் பின்-இம்ப்ரஷனிச ஓவியம் என்பார்கள். (கண்ணில் பட்டதை அப்படியே எழுதாமல் நிறத்தையும் வடிவத்தையும் தம் போக்கில் அமைக்கும் அந்தப் புது பாணிக்குத்தான் இந்தப் பெயர்.) அவருடைய தங்கை மேட்ஜ்தான் உட்கார்ந்திருக்கிறார். போர்முனையில் இருக்கும் சிப்பாய்களுக்காகக் காலுறை. தலை குனிந்திருக்கிறது, கண் ஊசியை விட்டு நகரவில்லை. கலாசாலையில் படித்தவர்கள் நிழல் போட்டு உருட்டித் திரட்டும் இடங்களில் கிரேஸ் தட்டையாக நிறத்தை அப்பிவிட்டுப் போயிருக்கிறார். ரூபோ அவரை ‘மிசஸ் வான்கோ’ என்று கேலி செய்வாராம். கேலி செய்தாரே தவிர, தூரிகையைப் பிடுங்கித் திருத்தவில்லை.

இன்னொரு மாணவர் ராய் டி மேஸ்டர், வயலின் படித்தவர். வேக்கலினும் அவரும் 1919-இல் நடத்திய கண்காட்சியில் இசையின் சுரங்களுக்கு ஏற்றபடி நிறங்களை அடுக்கிக் காட்டினார்கள். ‘ஏழு சுரத்துக்கு ஏழு நிறம், இது நம் முன்னோர்கள் அன்றே சொன்னது’ என்று பேனாவைத் திறக்கும் அன்பர்கள் தபால் செலவை மிச்சம் பிடிக்கலாம். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம்.

பெரிய ஓவியரா என்று கேட்டீர்கள். தேர்ந்த கை; பெரிய ஓவியர் என்று சொல்லமாட்டேன். ரூபோவின் மகன் கதை இன்னும் வேடிக்கை. வந்து குடியேறிய ஊர் மேல் உள்ள பிரியமோ என்னவோ, 1911-இல் பிறந்த பையனுக்கு சிட்னி என்றே பெயர். அந்த சிட்னி வளர்ந்து, கிருமிகளைப் படித்து, காயங்களுக்குப் போடும் அக்ரிடீன் மருந்துகளை ஆராய்ந்து பேராசிரியரானார். எங்கே? மெல்போர்னில். இரண்டு ஊர்களுக்கும் உள்ள பங்காளிச் சண்டையை உங்கள் மகளிடம் கேட்டால் விலாவாரியாகச் சொல்வார்.

அடுத்த முறை போனால் சர்குலர் கீ படகுத்துறையில் ஃபெர்ரி ஏறி, கடலோரம் உள்ள மேன்லிக்குப் போங்கள். அங்குள்ள ஓவியக்கூடத்துக்கு ரூபோ தம் படங்களை வாரிக் கொடுத்திருக்கிறார்.

பத்திரிகையில் எழுதலாமே என்றீர்கள், எழுதியாயிற்று. காலுறைப் படத்தை வண்ணத்தில் போட நிர்வாகியிடம் கேட்டேன். ஒரு முழுப்பக்க விளம்பரம் கொண்டு வந்தால் போடலாம் என்கிறார். காலுறைக் கம்பெனியில் யாரையாவது தெரிந்தவர்கள் எழுதவும்.