வாசகர் கேள்வி பதில்: கிணத்து மண்ணுல கெடச்ச சீனா ஓடு

கேள்வி: அக்கா, நான் பிளஸ் டூ முடிச்சிருக்கேன், ஹிஸ்டரி குரூப். எங்க ஊர்ல கிணறு வெட்டுனாலும் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுனாலும் பச்சைக் கலர் பீங்கான் ஓடு வரும், சின்னப் பிள்ளையில அதைத்தான் சில்லா வச்சுப் பாண்டி விளையாடுவோம். அது சீனாவுல இருந்து வந்ததுன்னு டீச்சர் சொன்னதுல இருந்து தொல்லியல் படிக்கணும்னு ஒரே ஆசை. மானுடவியல்னும் ஒண்ணு இருக்காமே, ரெண்டும் ஒண்ணுதானா? வாப்பா பி.காம் சேருங்கிறாங்க.
(ஒரு வாசகி, பெரியபட்டினம்)

பதில்: தங்கச்சி, நீங்க சில்லா வச்சு விளையாண்ட ஓட்டைத் தேடித்தான் 1987-ல தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க உங்க ஊருக்கே வந்து அகழாய்வு பண்ணுனாங்க. நெறைய சீனப் பீங்கான் கெடச்சுது, முக்கியமா 13, 14-ஆம் நூற்றாண்டைச் சேந்தது. அதுல என்ன விசேஷம்னா, எந்த மாதிரி பீங்கானை எந்தக் காலத்துல எந்தச் சூளையில சுட்டாங்கன்னு சீனாவுல நல்லாவே தெரியும், அதனால இங்க ஒரு மண்ணடுக்குல அந்த ஓடு கெடந்தா அதுகூடக் கெடக்குற நம்மூரு பானை, பாசிமணி, எலும்பு எல்லாத்துக்கும் ஏறக்குறைய வயசு சொல்லிரலாம். ஆனா அதே ஓடு கிணத்து மண்ணோட வெளிய வந்து குமிஞ்சு கெடந்தா பாதிக் கதை போச்சு, எந்த ஆழம், பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. தொல்லியல்ல முதல்ல கத்துக்குடுக்குறதே இதுதான், பொருளைவிட அது கெடந்த இடம் பெருசு. அதுக்காகத்தான் குழியைக் கட்டம் கட்டமா பிரிச்சு, மண்ணு நிறம் மாறுற எடத்துல எல்லாம் நிறுத்தி, அளந்து, வரைஞ்சு, போட்டோ எடுத்து, ஒவ்வொரு பைக்கும் சீட்டு எழுதிப் போடுறது. உச்சி வெயில்ல நாள் பூரா அதைச் செய்யணும், அதையும் இப்பவே சொல்லிர்றேன்.

மானுடவியல்னா மனுசங்களையும் அவங்க வாழ்க்கையையும் பத்துன படிப்பு, அது வேற, ஆனா ரெண்டும் சொந்தக்காரங்க. அமெரிக்காவுல பெரும்பாலும் தொல்லியலே மானுடவியலுக்குள்ளதான் வரும், உடம்பும் பரிணாமமும், சமூகமும் பண்பாடும், மொழி, தொல்லியல்னு நாலு கிளை. நம்ம நாட்டுல தொல்லியல் அதிகமா வரலாறு பக்கம் சேந்துருச்சு. சென்னைப் பல்கலைக்கழகத்துல ரெண்டும் தனித்தனித் துறை. தமிழ்ப் பல்கலைக்கழகத்துல கல்வெட்டியலும் தொல்லியலும் ஒரு துறை, கடல்சார் தொல்லியலுக்குன்னே இன்னொரு துறை இருக்கு, கடக்கரைப் பிள்ளைக்கு அதைவிட என்ன வேணும்!

வாப்பாகிட்ட சண்டை போட வேணாம். எம்.ஏ. தொல்லியலுக்குப் பல எடத்துல ஏதோ ஒரு டிகிரி இருந்தாலே போதும், அந்த வருச நோட்டிபிகேஷனை மட்டும் பாத்துக்கங்க. பி.ஏ. வரலாறு கெடச்சா நல்லது, பி.காம்தான்னு ஆனாலும் கதவு மூடிறாது. வேலை கொஞ்சம்தான், மாநிலத் தொல்லியல் துறை, இந்தியத் தொல்லியல் துறை, மியூசியம், காலேஜ். அதையும் வாப்பாகிட்ட மறைக்காமச் சொல்லிட்டே கேளுங்க.

கேள்வி: என் மகன் மானுடவியல் படிக்கிறான். லீவுக்கு வந்தா போட்ல ஏறிக்கிட்டு நாங்க பேசுறதை எல்லாம் நோட்டுல எழுதுறான். இதெல்லாம் ஒரு படிப்பாம்மா?
(ஒரு மீனவர், மண்டபம்)

பதில்: படிப்புதாண்ணே, அதுவும் அசல் படிப்பு. மலினோவ்ஸ்கின்னு போலந்துக்காரர் ஒருத்தர், முதல் உலகப்போர் சமயத்துல நியூகினி பக்கத்துல டிரோப்ரியாண்ட் தீவுல கூடாரம் போட்டு அந்தச் சனங்களோடயே இருந்து, அவங்க பாஷையிலயே பேசி எழுதுனாரு. அவரு கவனிச்சது ஒண்ணு, கரையோரம் அலையில்லாத உப்பங்கழியில மீன் பிடிக்கப் போறப்ப சடங்கு எதுவும் கெடையாது, வெளிக்கடலுக்குப் போறப்பதான் மந்திரமும் சடங்கும். எந்த எடத்துல உசுருக்கும் மீன் கெடைக்கிறதுக்கும் நிச்சயம் இல்லையோ அங்கதான் அது வருதுன்னாரு. இதை ஒங்களுக்கு நான் வெளக்கணுமா? வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு காத்தைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்க நீங்க, எந்தக் காத்துக்கு எந்த மீன் படும்னு ஒங்களுக்குத் தெரியும், அது எந்தப் புத்தகத்துலயும் முழுசா இல்ல. மகன் கேட்டா சலிக்காமச் சொல்லுங்கண்ணே. பாசி எடுக்குற பொம்பளைங்ககிட்டயும் போய் உக்காரச் சொல்லுங்க, அவங்க கணக்கு வேற மாதிரி இருக்கும். பொழைப்புக்குன்னா கொல்கத்தாவைத் தலைமையிடமா வச்ச இந்திய மானுடவியல் ஆய்வு நிறுவனம் இருக்கு, ஐ.ஏ.எஸ். பரீட்சையில விருப்பப் பாடமாவும் எடுக்கலாம்.

கேள்வி: எங்க ஊரு மேட்டுல பழைய காசு கெடச்சா நாமளே வச்சுக்கலாமா?
(அழகன்குளம் வாசகர்)

பதில்: கூடாது. 1878-ல போட்ட புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள இருந்து பத்து ரூபா மதிப்புக்கு மேல எது கெடச்சாலும் கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். ரோமானியக் காசும், மதுச்சாடி ஓடும், கப்பல் படம் கீறுன பானை ஓடும் கெடச்ச ஊரு உங்களுது, வைகை கடல்ல சேர்ற எடம். காசைத் தேய்ச்சுக் கழுவாதீங்க, எழுத்து அழிஞ்சிரும். எடத்தைப் போன்ல போட்டோ எடுத்துக்கங்க, மேற்கொண்டு தோண்டாதீங்க.