பால்நிலைத் தரவு கேள்வி பதில்: தரவரிசையைப் பாக்கமுன்னம் அடிக்குறிப்பைப் பாருங்கோ

திருகோணமலை மாவட்டத்தில கணக்கெடுப்புப் படிவத்தோட படலை படலையாத் திரிஞ்சு இளைப்பாறினவள் நான். ஆண் பெண் சமத்துவமின்மை பற்றின தரவை எங்க தேடுறது, எப்பிடி வாசிக்கிறது எண்டு கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்றன்.

கிண்ணியா மாணவி: அக்கா, உலகப் பொருளாதார மன்றத்தின்ர பால்நிலை இடைவெளி அறிக்கையில இலங்கை 2006இல 13ஆவது, 2022இல 110ஆவது. பெண்கள் நிலை அவ்வளவுக்கு விழுந்திட்டுதா?

தங்கச்சி, நல்ல கேள்வி. முதல்ல, 2006இல 115 நாடு, 2022இல 146. ரெண்டாவதுதான் பெரிசு. அந்தச் சுட்டெண்ணில அரசியல் பகுதி ஒண்டு இருக்கு; கடந்த 50 வருசத்தில எத்தினை வருசம் ஒரு பெண் நாட்டுத் தலைமையில இருந்தவ எண்டதும் அதுக்குள்ள வருது. 2006இல இருந்து 50 வருசம் பின்னால போனா 1956. சிறிமாவோ அம்மையார் 1960இல உலகத்தின் முதல் பெண் பிரதமரானது, பிறகு 1970-77, அதுக்குப் பிறகு மகள் சந்திரிகாவின்ர காலம், எல்லாம் உள்ளுக்க. 2022இல இருந்து பின்னால போனா 1972. முதல் ஆட்சிக்காலம் முழுக்க வெளியில. 2027இல ரெண்டாவதும் கழண்டிடும். இண்டைக்கு இருக்கிற பெண்களுக்கு அதால ஒண்டும் நடக்கேல்ல, அந்த 50 வருச யன்னல்தான் நகர்ந்தது.

அதுக்காக எல்லாம் நல்லாத்தான் இருந்தது எண்டும் எடுக்காதேங்கோ. பாராளுமன்றத்தில பெண்கள் அந்தக் காலம் முழுக்க விரல் விட்டு எண்ணுற அளவுதான் இருந்தவை. ரெண்டு தலைவியளின்ர நிழல் அதை மறைச்சது. இன்னொண்டு: இந்த அறிக்கை ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில இருக்கிற இடைவெளியை அளக்குது, வாழ்க்கைத் தரத்தை இல்ல. வறிய நாடான ருவாண்டா 2022இல 6ஆவதா வந்தது அதாலதான்.

உப்புவெளி வாசகர்: எந்த நாட்டுப் பெண்கள் நல்லா இருக்கினம்?

எதில? படிப்பிலயா, சம்பளத்திலயா, பிள்ளைப்பேற்றிலயா? பிரிச்சுக் கொண்டு வாங்கோ.

மூதூர் ஆசிரியர்: ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின்ர பால்நிலைச் சமத்துவமின்மைச் சுட்டெண்ணும் மன்றத்தின்ர இதுவும் ஒண்டா?

இல்லை சேர். அது 2010இல வந்தது. தாய் மரணம், பதின்ம வயசுப் பிரசவம், பாராளுமன்ற ஆசனம், இடைநிலைக் கல்வி, தொழிற்படை (வேலை செய்யிறவையும் வேலை தேடுறவையும்) எண்ட அஞ்சும் சேர்ந்தது. அதில 0 எண்டா நல்லது. மன்றத்தின்ர அறிக்கையில 1 எண்டா நல்லது. ரெண்டையும் ஒரே அட்டவணையில போட்டு வந்த கட்டுரையைத் திருத்தி எனக்குக் கண் நொந்தது. அடிக்குறிப்பைப் பாருங்கோ.

நகரம், பெயரில்லாமல்: இலங்கை இப்ப எத்தினையாவது?

மேல வாசியுங்கோ.

குச்சவெளி அண்ணை: பெண்களில மூண்டில ஒருத்திதானாம் தொழிற்படையில, ஆம்பிளையளில பத்துக்கு ஏழு பேராம். சரிதானே? எங்கட அம்மா வீட்டில சும்மாதான் இருக்கிறா, கருவாடு மட்டும் காயவைக்கிறா.

அண்ணை, "சும்மாதான்", "மட்டும்" எண்ட ரெண்டு சொல்லும்தான் என்ர உத்தியோகத்தில எனக்கு வாய்ச்ச எதிரி. ஒரு வீட்டில படலையடியில நிண்டு கேக்கிறன். மனுசன் சொல்றார், "அவ ஒண்டும் செய்யிறதில்ல." பின்னால அவ சாளையைக் கீறி உப்புப் போடுறா. போன கிழமை விக்கிறதுக்கெண்டு ஒரு மணித்தியாலமாவது செய்தவவோ எண்டு திரும்பக் கேட்டன். உள்ள இருந்து குரல்: "பதினைஞ்சு கிலோ குடுத்தனான்." ஊதியமில்லாமக் குடும்பத் தொழிலுக்கு உதவுறவ எண்டு எழுதினன். நான் திரும்பக் கேக்காட்டி, அவ தொழிற்படைக்கு வெளியில.

நிலாவெளி தம்பி: அப்ப வீட்டுக் கறிக்குக் காயவைச்சா? சமைக்கிறதும் தொழில் எண்டு சொல்லுவீங்கள் போல. நாங்கள் வளவில மரவள்ளி நடுறது கணக்கில்லையோ?

கோபிக்காதேங்கோ தம்பி. 2013இல சர்வதேசத் தொழில் புள்ளிவிபரவியலாளர் மாநாடு இதைத்தான் பிரிச்சது: எல்லாம் வேலை, ஆனா கூலிக்கோ லாபத்துக்கோ செய்யிறதுதான் தொழில். உங்கட மரவள்ளியும் வீட்டுக்கெண்டா தொழில் இல்ல. விதி ரெண்டு பேருக்கும் ஒண்டு, வெளியில விழுகிறது கூடுதலாப் பெண்கள். நாடுகள் இந்த விதிக்கு வெவ்வேற வருசத்தில மாறினதால, ஒரு நாட்டில பெண்களின்ர தொழிற்படை விகிதம் திடீரெண்டு இறங்கினா முதல்ல அடிக்குறிப்பைப் பாருங்கோ. வீட்டு வேலைக்குப் போற மணித்தியாலம் தேவையெண்டா, தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின்ர 2017 நேரப் பயன்பாட்டு அளவீட்டை எடுங்கோ.

மாணவன்: சுவீடனில பாலியல் வன்முறை முறைப்பாடு ஏன் அவ்வளவு?

சட்டத்தின்ர வரைவிலக்கணம் அகலம், ஒவ்வொரு சம்பவத்தையும் தனித்தனியா எண்ணுவினம். பொலிஸ் எண்ணை விட்டிட்டு, வீட்டில போய்க் கேட்ட அளவீடுகளைப் பாருங்கோ. இலங்கையில 2019இல அப்பிடிக் கேட்டதில, துணையோட வாழ்ந்த பெண்களில அஞ்சில ஒருத்தி அவரிட்ட உடல் அல்லது பாலியல் வன்முறை பட்டதாச் சொன்னவ.

ஆய்வு மாணவி: திருகோணமலைக்கு 1981 முதல் 10 வருசத்துக்கு ஒருக்கா எடுத்த எண்கள் எங்க?

இல்லை. 1991இல குடிசன மதிப்பே நடக்கேல்ல. 2001இல எங்கட மாவட்டத்தில முழுசா எடுக்க முடியேல்ல. 1981க்கு அடுத்தது 2012. அந்த ரெண்டு புள்ளியையும் கணினி நேர்கோட்டால இணைச்சுத் தரும். அழிச்சு விடுங்கோ. அந்த 31 வருசத்துக்குள்ளதான் இடம்பெயர்வும் விதவையளும் பெண்கள் தலைமை தாங்கின குடும்பங்களும்.

நகரம், பெயரில்லாமல்: அக்கா, எத்தினையாவது எண்டு மட்டும் சொல்லுங்கோவன்.

குச்சவெளி அண்ணை: அவவை விடுங்கோ. அம்மாட்டக் கேட்டன், கிழமைக்கு எத்தினை கிலோ எண்டு. "இப்பதான் கேக்கிறியோ" எண்டிட்டு உள்ள போயிட்டா.