பிள்ளைகளுக்கு ஒரு ஆர்கெஸ்ட்ரா: நெல்லைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஆர்கெஸ்ட்ரா அமைப்பது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணாச்சி, கோயில் கொடைக்கு மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுவார்களே, அதுவா? (கல்லூரி மாணவர், முக்கூடல்)

அது வேறு தம்பி. இது வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, கால்களுக்கிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ, புல்லாங்குழல், டிரம்பெட் என்று ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்து, எழுதிவைத்த இசையைச் சேர்ந்து வாசிப்பது. இதை ஏழைப் பிள்ளைகளுக்கான பெரிய இயக்கமாக வளர்த்த நாடு வெனிசுவேலா. பொருளாதாரமும் இசையும் படித்த ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் கராகஸ் நகரில் அதைத் தொடங்கினார். பாடமும் கருவியும் இலவசம். 2009இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரான குஸ்தாவோ டூடமெல் அந்த இயக்கத்தில் வளர்ந்தவர்தான். சென்னையில் ஏ.ஆர்.ரகுமானின் இசைக்கல்லூரி நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் வசதியில்லாத பிள்ளைகளுக்கானது.

வயலின் பிடித்தால் சாதிச்சண்டை நின்றுவிடுமா? நாங்குநேரியில் நடந்ததைப் பார்த்தபின் இதெல்லாம் வெறும் பேச்சாகத் தெரிகிறது. (பள்ளி ஆசிரியை, களக்காடு)

உங்கள் ஆற்றாமை எனக்கும் உண்டு டீச்சர். 2023 ஆகஸ்டில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனின் வீடு புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதிக் கைக்கயிற்றுக்குத் தடை கேட்டது. வகுப்பில் பெயரின் அகரவரிசைப்படி உட்கார வையுங்கள் என்றும் சொன்னது. யார் பக்கத்தில் யார் உட்கார்வது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

ஆர்கெஸ்ட்ராவில் எனக்குள்ள நம்பிக்கை அந்த இடத்தில்தான். வயலின்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்டு (இசை எழுதிய தாள்). பக்கம் முடிகிற நேரத்தில் உள்பக்கம், அதாவது பார்வையாளர்களுக்குத் தள்ளி, இருக்கிற பிள்ளை வில்லை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். மற்றவள் விடாமல் வாசிப்பாள். ஒரு நொடி பிந்தினால் இரண்டு பேரும் தடுமாறுவார்கள். வில் மேலே போவதும் கீழே வருவதும் வரிசை முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பார்க்காமல் வாசிக்கவே முடியாது. மாதக்கணக்கில் இப்படிப் பழகிய பிள்ளைகள் ஒன்றாக டீ குடிக்கப் போவார்கள்.

ஆனால் இது தானாக நடக்காது. பிள்ளைகளே இடம் பிடிக்க விட்டால் ஒரே தெருக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்துகொள்வார்கள். ஜோடியை வாத்தியார்தான் போட வேண்டும், அடிக்கடி மாற்றவும் வேண்டும். வரிசையை முன்நின்று நடத்துகிற முதல் நாற்காலி எப்போதும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கே போனால், தெருவில் இருக்கிற அதே ஏற்றத்தாழ்வைத்தான் நாமும் மேடையில் வைக்கிறோம்.

இதற்கு ஆய்வு ஏதும் உண்டா? (மேலப்பாளையம்)

உண்டு. வெனிசுவேலாவின் அந்த இயக்கம் பற்றி ஏறத்தாழ 2,900 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் பழக்கம் கூடியிருந்தது. வன்முறை பார்த்து வளர்ந்த பையன்களிடம் முரட்டுத்தனம் குறைந்திருந்தது. அறிவுத்திறனில் மொத்தமாகப் பெரிய மாற்றம் இல்லை. சேர்ந்தவர்களில் ஏழைப் பிள்ளைகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்பதும் அதில் தெரிந்தது. ஜெஃப் பேக்கர் என்பவர் 2014இல் எழுதிய நூலில் அங்கே கண்டிப்பும் மேலதிகாரமும் அதிகம் என்று குற்றம் சாட்டினார். அதை நாம் தள்ளிவிடக் கூடாது. பிள்ளைகளை அடக்கிவைக்க இசை எதற்கு?

நாதஸ்வரமும் தவிலும் பறையும் உள்ள மண்ணில் வெள்ளைக்காரன் வாத்தியம் எதற்கு? (சேரன்மகாதேவி)

நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஊருக்குப் பக்கத்திலிருந்து கேட்கிறீர்கள், நியாயமான கேள்வி. இங்கே எந்த வாத்தியத்தை யார் தொடுவது என்று சாதி பிரித்துவைத்திருக்கிறது. செல்லோவுக்கு நம்ம தெருவில் அந்தப் பழைய கணக்கு கிடையாது, அதனால் யாரும் தயங்காமல் எடுக்கலாம். அதோடு நின்றால் போதாது. பறையும் அதே மேடையின் நடுவில் வர வேண்டும், எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அதை அடிக்க வேண்டும். நாதஸ்வரமும் தவிலும் முறையாகப் படிக்க திருநெல்வேலி அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: தவில் சத்தத்தில் வயலின் காணாமல் போகும், நாதஸ்வரத்தின் சுருதியும் சட்டென்று ஒத்துவராது. அதற்கென்று தனியாக எழுதிய உருப்படி வேண்டும்.

மகள் கர்நாடக வயலின் படிக்கிறாள். சேர்க்கலாமா? (அம்பாசமுத்திரம்)

தாராளமாகச் சேருங்கள் அம்மா. கம்பிகளுக்குச் சுருதி கூட்டுவது வேறு, தரையில் உட்கார்ந்து காலில் ஊன்றுவதற்குப் பதில் நாற்காலியில் தாடைக்கடியில் பிடிக்க வேண்டும். காது பழகியிருப்பதால் சீக்கிரம் வந்துவிடும்.

எங்கள் பள்ளியில் தொடங்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்க? (தலைமையாசிரியர், வள்ளியூர்)

சார், முதலில் வயலினும் செல்லோவும் மட்டும் போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கால், அரை அளவு வயலின்தான் வாங்க வேண்டும். பெரியதைக் கொடுத்தால் விரல் எட்டாமல் வெறுத்துவிடுவார்கள். வாங்கியதும் நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் தளர்த்த வேண்டாம், கம்பிகளைத் தாங்குகிற குதிரை என்ற சின்ன மரத்துண்டு விழுந்துவிடும். நோட்டு வாசிக்கத் தெரிந்தவர்களைத் தேடி அலைய வேண்டாம்: நான்கு குரலில் பாடுகிற சர்ச் பாடகர் குழுக்களில் விசாரியுங்கள். நன்கொடை கேட்கும்போது கருவிக்குக் கேட்பதைவிட வாத்தியார் சம்பளத்துக்குக் கேளுங்கள். வாத்தியார் நின்றுபோனால் வயலின் அலமாரியில் தூங்கும். அப்புறம், ஒத்திகை முடிகிற நேரத்தைக் கடைசி டவுன் பஸ்ஸைப் பார்த்து வையுங்கள். இருட்டிவிடும் என்றால் முதலில் வராமல் நின்றுவிடுவது பெண் பிள்ளைகள்தான்.